கம்பம்மெட்டில் ஒரு பகல்

தேனி மாவட்டத்திலிருந்து இடுக்கி மலைகளுக்கு ஏறிச் செல்ல மூன்று முக்கிய வாயில்கள் உண்டு. வடக்கே போடிமெட்டு, தெற்கே குமுளி, நடுவே கம்பம்மெட்டு. போடிமெட்டு வழியே மூணாறுக்கும், குமுளி வழியே தேக்கடிக்கும் உல்லாசப் பிரயாணிகள் செல்வர். கம்பம்மெட்டைப் பார்ப்பதற்கென்றே செல்பவர் அரிது. மண்டல காலத்தில் நெரிசலைக் குறைப்பதற்காகப் போலீசார் வண்டிகளைத் திருப்பிவிடும்போது ஐயப்ப பக்தர்கள் அவ்வழியே ஏறிக் குமுளி வழியே இறங்குவர். மற்ற நாட்களில் அது கூலிவேலைக்குப் போகிறவர்களின் பாதை. நம் சங்கத்துக் குடும்பங்களிற் சில அந்தப் பாதையில் ஏறி வந்தவையே.

2024-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பதவி உயர்வுப் பயிற்சிக்காகத் திருச்சி ரெயில்வே பயிற்சி நிலையத்தில் சில வாரங்கள் தங்கிப் படிக்க நேர்ந்தது. பாலக்காட்டிலேயே பிறந்து வளர்ந்த நமக்குத் தமிழ்நாடு ஒருவகையில் அயலூர்தான். நம்முடன் படித்த நண்பர் ஒருவர் கம்பத்தை அடுத்த சிற்றூரைச் சேர்ந்தவர். அவருடைய தமக்கையார் கம்பம்மெட்டுக்கு அப்பால் ஓர் ஏலத்தோட்டத்தில் இருபது ஆண்டுகளாக வேலை செய்கிறார். “அக்கா வரச் சொல்லியிருக்கிறாள். நீங்களும் வாருங்களேன், ஒரு பகல் மலையைப் பார்த்துவிட்டு வருவோம்” என்றார். வெள்ளிக்கிழமை மாலை வைகை எக்ஸ்பிரசில் ஏறித் திண்டுக்கல்லில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸில் வத்தலக்குண்டு, தேனி வழியாக நள்ளிரவில் கம்பம் சேர்ந்தோம்.

ரெயில்வேக்காரர் எந்த ஊருக்குப் போனாலும் முதலில் ஸ்டேஷனைத் தேடுவது பழக்கதோஷம். கம்பத்தில் ஸ்டேஷன் இல்லை. மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு 1928-ல் திறந்த பாதை 2010-ன் இறுதியில் மூடப்பட்டு, அகலப்பாதையாகித் தேனிவரை 2022 மே மாதத்திலும், போடிவரை 2023 ஜூனிலும் திரும்பத் திறக்கப்பட்டது. கம்பத்தின் பக்கம் அது திரும்பவில்லை. மலைமேல் இடுக்கி மாவட்டத்திலோ ரெயில் பாதையே கிடையாது. மூணாறில் தேயிலை சுமந்த குண்டளைப் பள்ளத்தாக்கு ரெயிலை 1924-ஆம் ஆண்டு வெள்ளம் கொண்டுபோயிற்று. அதன்பின் எவரும் போடவில்லை.

சனிக்கிழமை விடியுமுன்னே நண்பர் எழுப்பிவிட்டார். தெருவிளக்கின் கீழே வரிசையாக ஜீப்புகள் நின்றன. ஒவ்வொன்றையும் சுற்றித் தூக்குவாளியும் பிளாஸ்டிக் தாளும் கையிலேந்திய பெண்கள். ஜீப் டிரைவரே தோட்டத்துக்கு ஆள் சேர்ப்பவராகவும் இருக்கிறார். யார் வந்தார், யார் வரவில்லை என்பதை அவர் தலைகளை எண்ணியே சொல்லிவிடுகிறார். ஏற்ற வேண்டிய அளவைப் பார்க்கிலும் மிகுதியாக ஏற்றுகிறார்கள் என்பது கண்கூடு. இத்தகைய ஜீப்புகள் மலைப்பாதையில் கவிழ்ந்து உயிர்கள் போன செய்தியைத் தினத்தாள்களில் பலமுறை படித்திருக்கிறோம். நமக்கு முன்சீட்டில் இடம் தந்தார்கள். பின்னால் நின்றபடி வந்த மூதாட்டிக்குக் கொடுக்க எழுந்தபோது, “நீங்க உக்காருங்க தம்பி, எனக்கு இந்த வளைவெல்லாம் பழக்கம், உங்களுக்குத்தான் தலை சுத்தும்” என்று தடுத்துவிட்டார்.

பாதை ஏற ஏறக் கம்பம் பள்ளத்தாக்கு கீழே விரிகிறது. திராட்சைப் பந்தல்கள், தென்னந்தோப்புகள், நடவுக்குக் காத்திருக்கும் வயல்கள். இவ்வளவும் பெரியாற்றுத் தண்ணீர். பென்னிகுவிக் துரை கட்டி 1895-ல் முடித்த அணையிலிருந்து நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பி, லோயர் கேம்பில் மின்சாரம் தந்து, முல்லையாறாக இப்பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்குப் பாய்கிறது. லோயர் கேம்பில் அவருக்கு 2013-ல் மணிமண்டபம் திறந்தார்கள். தண்ணீர் மலையிலிருந்து கீழே இறங்குகிறது. கீழிருந்து ஆட்கள் மலைக்கு ஏறுகிறார்கள். முந்தியதைப்பற்றி வழக்குகளும் தீர்ப்புகளும் நிறைய உண்டு. பிந்தியதைப்பற்றி இரு தரப்பாரும் அதிகம் பேசுவதில்லை.

மெட்டுக்கு வந்ததும் காற்று மாறிவிட்டது. கீழே வியர்த்தது, மேலே போர்வை தேவைப்பட்டது. இரு மாநிலத்துச் சோதனைச் சாவடிகள், சில கடைகள், இரு மொழிப் பெயர்ப்பலகைகள், அவ்வளவே ஊர். 2017-ல் சரக்கு சேவை வரி வந்ததோடு வணிகவரிச் சோதனை போயிற்று. போலீசும் கலால் இலாகாவும் இருக்கின்றன. டீக்கடைக்காரர் நம்மிடம் மலையாளத்திலும் நண்பரிடம் தமிழிலும் பேசினார். நம் முகத்தில் எதைக் கண்டாரோ, தெரியவில்லை.

வாளையாற்றைத் தாண்டும் ரெயிலில் எல்லை எது என்று தெரியாமலே தாண்டிவிடுகிறோம். 1956 நவம்பர் 1 வரை பாலக்காடு சென்னை மாநிலத்தின் மலபார் ஜில்லாவில் இருந்தது. அதுவரை அங்கே எல்லையே இல்லை. இம்மலையோ திருவிதாங்கூர்-கொச்சியைச் சேர்ந்தது. தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களைத் தமிழகத்தோடு சேர்க்கக் கோரிக் கிளர்ச்சி நடந்தது. மாநிலப் புனரமைப்புக் கமிஷன் 1955-ல் அவற்றைக் கேரளத்துக்கே என்றது. அதே ஆண்டில் மலையாளக் குடும்பங்களைக் குடியேற்றி ஐந்து ஏக்கர் வீதம் நிலம் வழங்கினர். பட்டம் தாணுப்பிள்ளையின் பெயரால் பட்டம் காலனி என்ற ஊர் அருகே இன்றும் இருக்கிறது. அப்படி வந்தவர்களும் கையில் ஒன்றுமின்றி வந்த ஏழைகளே என்பதை நாம் மறக்கலாகாது.

நண்பரின் தமக்கையார் லயத்து வீட்டு வாசலில் காத்திருந்தார். தோசையும் காந்தாரி மிளகாய்ச் சட்னியும் தந்துவிட்டுத் தோட்டத்தைக் காட்ட அழைத்துச் சென்றார். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. அடியில் தரையோடு படர்ந்த சரங்களில் காய்க்கிறது. ஆகையால் பறிப்பவர் நாள் முழுவதும் குனிந்தே இருக்கவேண்டும். காய்கள் ஒன்றாக முற்றாமையால் ஒரு மாதம், ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை அதே செடிக்குத் திரும்ப வரவேண்டும். ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக்காய் ஸ்டோரில் உலர்ந்து ஒரு கிலோவாகிறது. புற்றடியிலும் போடியிலும் மாறிமாறி நடக்கும் ஏலத்தில் 2019 ஆகஸ்டில் கிலோ 7,000 ரூபாய்வரை போனதுண்டு. “அந்த வருசம் எங்க கூலி ஏறலையே” என்று அம்மையார் சிரித்தார். நாம் போன 2024-ல் கோடை வறட்சி செடிகளைக் கருக்கியிருந்தது. நிழல்மரங்களின் கீழேயும் தட்டைகள் காய்ந்து நின்றன. வேலை வாரத்தில் நான்கு நாளாகக் குறைந்திருந்தது.

அவருக்கு ஒரே மகள். பத்தாம் வகுப்பில் தேறியிருந்தாள். மேலே சேர்ப்பதா, கீழே கம்பத்தில் பாட்டி வீட்டில் விட்டுச் சேர்ப்பதா என்பதுதான் வீட்டில் பேச்சு. தம்பியை வரவழைத்ததும் அதற்காகவே. கீழே பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. மேலே பிளஸ் ஒன் சேர்க்கை நடந்துகொண்டிருந்தது. தாயாருக்குக் கீழே அனுப்பவே விருப்பம். காரணத்தை அவரே சொன்னார்.

2011 டிசம்பரில் முல்லைப்பெரியாற்று அணைத் தகராறு முற்றியபோது எல்லையின் இருபுறத்திலும் பதற்றம். தோட்டங்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் கூட்டங்கூட்டமாக இறங்கின. ஜீப் ஓடவில்லை. மூன்று வயதுக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு காட்டுத்தடத்தில் இறங்கிக் கம்பத்தை அடைந்தார் இவ்வம்மையார். அமைதி திரும்பியபின் தோட்டத்துச் சொந்தக்காரர் ஆளனுப்பி அழைத்தார். போய்ப் பார்த்தால், விட்டுவந்த கோழிகளை அவர் மனைவி தம் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தீனி போட்டு வைத்திருந்தாராம். 2020-ல் கொரோனாவுக்காக மெட்டு மூடியபோது இவர் மேலேயும் தாயார் கீழேயுமாகப் பல மாதம் இருந்தார்கள். “கோழியைக் காப்பாத்துன மனுசங்களும் இங்கதான் இருக்காங்க. ஆனா அன்னைக்கி அந்தத் தடத்துல இறங்குன பயம் போகலையே தம்பி. நீங்க அந்தப் பக்கத்துலயே படிச்சவங்க, நீங்க சொல்லுங்க” என்றார்.

உடனே விடை சொல்லவில்லை. பிற்பகல் பெண்ணையும் அழைத்துக்கொண்டு தூக்குப்பாலம் வழியாக இராமக்கல்மேட்டுக்குப் போனோம். நிற்க விடாத காற்று. அதனால்தான் அங்கே காற்றாலைகள் சுழல்கின்றன. குறவன் குறத்தி சிலையைத் தாண்டிப் பாறை விளிம்புக்குப் போனால் பள்ளத்தாக்கு முழுவதும் காலடியில். கம்பம், கூடலூர், உத்தமபாளையம் என்று பெண் விரல் நீட்டிக் காட்டினாள். பாட்டி வீடு எந்தத் தோப்புக்குப் பின்னால் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. “கீழே போனால் என்னை மலையாளத்துப் பெண் என்கிறார்கள், இங்கே பாண்டிக்காரி என்கிறார்கள். எனக்கு மூன்று பாஷை எழுத வருகிறதே, அதை ஏன் ஒருவரும் கேட்பதில்லை?” என்றாள்.

தாயாரிடம் நமக்குத் தெரிந்ததைச் சொன்னோம். நாம் சித்தூர்த் தாலுகாவில் தமிழில் படித்தோம். ரெயில்வே தேர்வையும் தமிழிலேயே எழுதினோம். அதற்கு வசதி உண்டு. கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழிலேயே எழுதவும் தமிழிலேயே விடை பெறவும் இடம் தந்தது. ஆனால் சந்தையிலும் ஆஸ்பத்திரியிலும் மலையாளம் தெரிந்தவர் பேச்சே முதலில் எடுபடுகிறது. மூன்றும் தெரிந்த பெண்ணை ஒன்று மட்டும் போதுமான இடத்துக்கு அனுப்புவது நஷ்டம் என்பது நம் அபிப்பிராயம். பயத்துக்கு மட்டும் நம்மிடம் விடை இருக்கவில்லை.

மாலையில் வேலை முடிந்து இறங்கும் ஜீப்பிலேயே திரும்பினோம். பெண்கள் பலர் உறங்கிவிட்டார்கள். காலையில் நமக்குத் தலை சுற்றும் என்ற மூதாட்டியும் கம்பியைப் பற்றியபடியே கண்ணயர்ந்திருந்தார். வரிசையாக விளக்குகள் கீழே ஏறி வருவதுபோல் தோன்றின.

ஜூலையில் நண்பர் செய்தி சொன்னார். பெண் மேலேயே பிளஸ் ஒன் சேர்ந்துவிட்டாள். சனிக்கிழமைதோறும் காலையில் ஆட்களை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் ஜீப்பில் பாட்டியைப் பார்க்க இறங்குகிறாளாம். தாயார் சம்மதித்துவிட்டார்; குடும்ப அட்டையை மட்டும் கம்பத்திலிருந்து மாற்ற மறுக்கிறாராம்.