தூங்குமூஞ்சி மரத்தடியில் பத்து நாள்

“வீட்டைப் பார்க்க ரெண்டு பேர் வந்துட்டுப் போயிட்டாங்க. விலையும் சொல்லிட்டாங்க. விக்கிறதா, இல்ல உங்கள்ல யாராச்சும் திரும்பி வர்றீங்களா? தீபாவளிக்கு முன்னால ஒரு முடிவு சொல்லுங்க.”

அம்மா தொலைபேசியில் இதைச் சொன்னபோது நான் வானொலி நிலையத்தின் வாகன நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டிருந்தேன். தைப்பிங்கில் இருக்கும் எங்கள் வீடு அப்பா கட்டியது. அவர் காலமான பிறகு அம்மா அங்கே தனியாக இருக்கிறார். இந்த ஆண்டுத் தொடக்கத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்தார். அன்றிலிருந்து ஜொகூர் பாருவில் இருக்கும் அண்ணனும் நானும் மாறி மாறிச் சொல்வது ஒன்றுதான்: எங்களோடு வந்துவிடுங்கள். அம்மா இப்போது அதே கேள்வியை எங்கள் பக்கம் திருப்பிவிட்டார்.

கோலாலம்பூரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பத்தொன்பது வயதில் ஒரு துணிப்பையோடு படிக்க வந்தவளுக்குப் படிப்பு, வேலை, கணவர், பத்தாவது மாடியில் ஒரு வீடு எல்லாம் கொடுத்த ஊர் அது. ஆனால் எங்கள் அன்றாடத்தையும் சொல்ல வேண்டும். காலை நிகழ்ச்சிக்காக நான் மூன்றே முக்காலுக்கு எழுகிறேன். ஏழு மணிக்குப் பெடரல் நெடுஞ்சாலையில் எங்கே நெரிசல் என்று நேயர்களுக்குச் சொல்கிறேன். அந்த நெரிசலுக்கு நடுவில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பவர் என் கணவர். மகள் குழந்தை பராமரிப்பாளர் வீட்டில் இருப்பாள். நாங்கள் மூவரும் ஒன்றாகச் சாப்பிடுவது இரவில் மட்டும்தான். அதிலும் எனக்கு எட்டரைக்கே கண் சொக்கிவிடும்.

பத்து நாள் விடுப்பு எடுத்தேன். மகளோடு கேஎல் சென்ட்ரலில் இடிஎஸ் ரயிலேறினேன்.

இந்த மின்சார ரயில் வந்த பிறகு தைப்பிங் கொஞ்சம் கிட்டே வந்துவிட்டது. மூன்று மணி நேரத்தைச் சற்றே தாண்டும் பயணம். கோலகங்சாரைத் தாண்டியதும் மூன்று கிலோமீட்டருக்கும் அதிக நீளமுள்ள பெராப்பிட் சுரங்கப்பாதைக்குள் ரயில் நுழைகிறது. மகள் காதைப் பொத்திக்கொண்டாள். வெளியே வந்ததும் வானம் இருண்டிருந்தது. ஊர் வந்துவிட்டது என்று சொல்ல அறிவிப்பாளர் தேவையில்லை. ஊருக்குப் பின்னால் பிந்தாங் மலைத்தொடர் சுவர்போல நிற்கிறது. மலாக்கா நீரிணையிலிருந்து வரும் ஈரக்காற்று அதில் மோதி மேலே ஏறி மழையாகக் கொட்டுகிறது. ஆண்டுக்குச் சுமார் 4,000 மில்லிமீட்டர் மழை. இன்றைக்கு எத்தனை மணிக்கு மழை வரும் என்று ஒரு காலத்தில் இங்கே பந்தயம் கட்டுவார்களாம். அம்மா பந்தயம் கட்டுவதில்லை. இரண்டு மணிக்குக் கொடியிலிருந்து துணியை எடுத்துவிடுவார்.

மறுநாள் காலை ஏரிப் பூங்காவுக்கு நடக்கப் போனோம். 1880இல் தோற்றுவிக்கப்பட்ட பூங்கா. அதற்கு முன்னால் அந்த இடம் ஈய லம்பம். ஈயத்துக்காகச் சீனக் கூட்டங்கள் இரண்டு வெட்டிக்கொண்டு ரத்தம் சிந்திய மண் இது. சண்டை ஓய்ந்த பிறகுதான், 1874இல், கிளியான் பாவ் என்ற பழைய பெயர் போய், நிலையான அமைதி என்ற பொருளில் தைப்பிங் என்ற பெயர் வந்தது. மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டுப் போன பள்ளங்களில் மழைநீர் தேங்கியது. அதையே ஏரியாக்கி, கரையில் மரம் நட்டார்கள். அந்த மரங்கள் இன்று சாலைக்கு மேல் வளைந்து, கிளை நுனிகளால் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கின்றன. அந்தச் சாலையில் இப்போது வாகனங்கள் போவதில்லை.

“அம்மா, இது என்ன மரம்?”

ஆங்கிலத்தில் இதை மழை மரம் என்கிறார்கள். தமிழில் தூங்குமூஞ்சி மரம். அந்தி சாய்ந்தாலும் மழை இருட்டினாலும் இலைகளை மூடிக்கொள்ளும். பெயரைக் கேட்டதும் மகள் சிரித்துச் சிரித்து நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள். என் ஊரையும் கோலாலம்பூர் நண்பர்கள் தூங்குமூஞ்சி ஊர் என்பார்கள். அங்கே போய் என்ன செய்வாய், ஓய்வு பெற்றவர்கள் இருக்கும் இடமாயிற்றே என்பார்கள்.

ஒரு காலத்தில் இது தூங்கும் ஊராக இருக்கவில்லை. 1876 முதல் 1937 வரை பேராக்கின் தலைநகர் தைப்பிங்தான். 1883இல் அருங்காட்சியகம் வந்தது. நாட்டின் முதல் ரயில் 1885 ஜூன் 1ஆம் தேதி இங்கிருந்து போர்ட் வெல்ட் துறைமுகத்துக்கு ஓடியது. ஏறக்குறைய 13 கிலோமீட்டர் பாதை. ஈயத்தைக் கப்பலுக்குக் கொண்டுபோகத்தான் அது. மலாயா ரயில்வேயில் வேலைக்கு வந்த தமிழர்களின் கதையும் இப்படிப்பட்ட பாதைகளில்தான் தொடங்குகிறது. இலங்கைத் தமிழர்கள் எழுத்தர்களாகவும் நிலைய அதிகாரிகளாகவும் இருந்தார்கள். தண்டவாளம் போட்டவர்களில் நம்மவர்கள் நிறையப் பேர். ஈயம் குறைந்தது, தலைநகர் ஈப்போவுக்குப் போனது, பிள்ளைகளும் போனார்கள்.

மூன்றாம் நாள் அந்த முனையைப் பார்க்கப் போனோம். போர்ட் வெல்ட் இப்போது கோல செபெத்தாங். சதுப்பு நிலக் காடும் கரிச்சூளைகளும் மீன்பிடிப் படகுகளும் உள்ள இடம். தண்டவாளம் இல்லை. பழைய ரயில் நிலையத்தின் பெயர்ப்பலகை மட்டும் நிற்கிறது. அதில் ஆங்கிலம், ஜாவி, சீனம், தமிழ் என நான்கு எழுத்துகளிலும் ஊர்ப் பெயர் இருக்கிறது. எழுத்துக் கூட்டி வாசிக்கக் கற்றுக்கொண்டிருக்கும் மகள் அதன் முன்னால் நின்று சத்தமாக வாசித்தாள். பக்கத்தில் கடை போட்டிருந்த சீனப் பெரியவர் கை தட்டினார்.

இதுவரை படித்தவர்கள் நான் பெட்டியைக் கட்டிவிட்டேன் என்று நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன், நான்காம் நாள் வரை.

அன்று மாலை மகளை உட்கார வைத்து எங்கள் தாமான் வரிசையின் வீடுகளை எண்ணினேன். பதினான்கு வீடுகள். என் சின்ன வயதில் ஒவ்வொரு வீட்டிலும் மூன்று நான்கு பிள்ளைகள். மாலையானால் சைக்கிள் மணியும் பந்துச் சத்தமும் அம்மாக்கள் கூப்பிடும் குரலும் காதைப் பிளக்கும். இப்போது எட்டு வீடுகளில் அறுபதைத் தாண்டியவர்கள் மட்டும். இரண்டு பூட்டிக் கிடக்கின்றன. தைப்பிங்கின் அமைதி, அமைதி என்று ரசித்துக்கொண்டிருந்தேனே, அதில் பாதி நாங்கள் போனதால் வந்தது. மலையும் ஏரியும் தந்த அமைதி வேறு. பிள்ளைகள் இல்லாத தெருவின் அமைதி வேறு. இரண்டையும் ஒன்றாகக் கலந்து வைத்திருந்தேன்.

1970இல் நம் நாட்டு மக்களில் 28 விழுக்காட்டினர்தான் நகரவாசிகள். 2020 கணக்கெடுப்பில் அது 75 விழுக்காடு. தோட்டத்திலிருந்து தைப்பிங் வந்த தாத்தாவும், தைப்பிங்கிலிருந்து கோலாலம்பூர் வந்த நானும் அந்தக் கணக்கில் இருக்கிறோம். யாரையும் குற்றம் சொல்ல இதில் ஒன்றுமில்லை. வேலை இருக்கும் இடத்துக்கு மனிதன் போகிறான்.

சிங்கப்பூரில் ஒன்பது ஆண்டு வேலை செய்துவிட்டு ஊர் திரும்பிய பள்ளித் தோழி ஒருத்தியைப் பார்த்தேன். இப்போது வீட்டிலிருந்து பிறந்தநாள் கேக்கும் பலகாரமும் செய்து விற்கிறாள். திரும்பி வரலாமா என்று கேட்டேன்.

“வாடி. ஆனா ஒண்ணு. இங்க வேலை இருக்கு, உன் வேலை இல்ல.”

சுருக்கென்றது. உண்மைதான். என் தொழிலுக்கு ஒலிப்பதிவுக் கூடம் வேண்டும், கலைஞர்கள் வந்து போக வேண்டும். அவள் தொடர்ந்தாள். “முதல் மூணு மாசம் சொர்க்கம். அப்புறம் கோயிலுக்குப் போனா நாலு பேரு கேட்பாங்க, ஏன் வந்துட்டே, அங்க ஏதும் பிரச்சினையான்னு. பினாங்குக்குப் போய்ட்டு வந்தாதான் சில சாமான் கிடைக்கும். சம்பாத்தியம் பாதி. ஆனா என் மவன் எங்கப்பாகூட தினம் சாயந்தரம் ஏரிக்குப் போறான். அதுக்கு என்ன விலை போடுவேன்னு எனக்கே தெரியல.”

திரும்பி வருவதை நாம் ஏன் தோல்வியாகப் பார்க்கிறோம்? ஊரை விட்டுப் போகிறவனுக்கு மாலை போடுகிறோம். திரும்பி வருகிறவனிடம் விசாரணை வைக்கிறோம். இளையோர் நிகழ்ச்சிகளில் பெரிய நகரத்துக்குப் போய் முன்னேறியவர்களின் பேட்டிகளை நூற்றுக்கணக்கில் எடுத்திருக்கிறேன். ஊர் திரும்பியவரை ஒருமுறைகூடக் கூப்பிட்டதில்லை. அது எனக்கே உறைத்தது.

ஏழாம் நாள் ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு தமிழ்ப்பள்ளிக்குப் போனேன். அங்கே ஆசிரியராக இருப்பவர் அம்மாவுக்குத் தெரிந்தவர். மாணவர் எண்ணிக்கை 150ஐ எட்டாத பள்ளிகளை மாணவர் குறைந்த பள்ளிகள் என்று கல்வித் துறை வகைப்படுத்துகிறது. இது அந்த வகைப் பள்ளி. சுத்தமான வளாகம், காய்கறித் தோட்டம், சுவரில் திருவள்ளுவர். அடுத்த ஆண்டு முதலாம் ஆண்டில் சேர இதுவரை ஒன்பது பேர் பதிந்திருக்கிறார்கள். கோலாலம்பூரில் நாங்கள் பதிந்திருக்கும் பள்ளியில் ஒரு வகுப்பில் முப்பதுக்கும் மேல். எது நல்லது என்று ஆசிரியரிடம் கேட்டேன்.

“அங்க போட்டி இருக்கும், இங்க கவனிப்பு இருக்கும். எது நல்லதுன்னு நான் சொல்லக்கூடாது,” என்றார். பிறகு மகளைப் பார்த்துச் சிரித்தார். “பாப்பா வந்தா பத்து.”

அந்தப் பத்து என்னை இரவெல்லாம் தூங்கவிடவில்லை. பெருநகரில் என் மகள் வந்தாலும் வராவிட்டாலும் யாருடைய எண்ணிக்கையும் மாறாது. இங்கே ஒரு குழந்தை வந்தால் கணக்கு மாறுகிறது. ஆனால் பள்ளியின் கணக்குக்காக மகளின் வாழ்க்கையைத் தீர்மானிப்பதும் சரியல்லவே. அம்மாவிடம் சொன்னேன்.

“எனக்காக வராதே, பள்ளிக்கூடத்துக்காகவும் வராதே. வந்த பின்னால மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு இருப்பே. உனக்குப் பிடிச்சா வா,” என்றார். கறி கிளறிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

கணவரிடம் தினமும் இரவு பேசினேன். அவர் நிறுவனம் வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய விடுகிறது. மற்ற இரண்டு நாளுக்கு ரயில் இருக்கிறது. அவர் தயார். தயங்குவது தைப்பிங்கில் பிறந்த நான்தான். ஊர்க்காரிக்குத்தான் ஊரின் நீளம் அகலம் தெரியும்.

திரும்பும் நாளுக்கு முந்தைய இரவு மேலாளருக்கு மின்னஞ்சல் எழுதினேன். வார நாள் காலை நிகழ்ச்சியிலிருந்து வார இறுதி நிகழ்ச்சிக்கு என்னை மாற்ற முடியுமா, ஓராண்டுக்கு மட்டும். சம்பளம் குறையும். காலை நிகழ்ச்சிக்குக் காத்திருக்கும் இளம் அறிவிப்பாளர்கள் எத்தனை பேர் என்றும் எனக்குத் தெரியும். ஓராண்டு கழித்து அந்த நாற்காலி எனக்குத் திரும்பக் கிடைக்கும் என்று யாரும் உறுதி தரப்போவதில்லை. அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் வாசலில் உட்கார்ந்திருந்தேன். தவளைச் சத்தம் தவிர வேறொன்றுமில்லை.

இதை எழுதும் இன்றுவரை பதில் வரவில்லை. வந்தாலும் வராவிட்டாலும் வீட்டை விற்க வேண்டாம் என்று அண்ணனிடம் பேசி முடிவு செய்துவிட்டோம். ரயில் நிலையத்தில் வைத்து அம்மாவிடம் அதைச் சொன்னேன். அவர் மகளின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டுக்கொண்டே கேட்டார்.

“அப்போ கூரைக்காரரை வரச் சொல்லவா? பின்கட்டுல ஒழுகுது. மழைக்கு முன்னால முடிச்சிடலாம்.”

தைப்பிங்கில் மழைக்கு முன்னால் என்றால் எப்போது என்று நான் கேட்கவில்லை. ரயில் வந்துவிட்டது.