பூட்டனுக்கு ரெண்டு அப்பன் பேரு

மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு இடம் வந்தது. பையனுக்கு மதுரையில் வேலை. குடும்பமும் நம்மளை மாதிரி வெள்ளாமைக் குடும்பம்தான். ஜாதகம் பொருந்தி, பூ வைக்க நாள் பார்க்கிற நேரத்தில் சின்னமனூரில் இருக்கும் எங்க அத்தை போனில் குண்டைத் தூக்கிப் போட்டது.

"எந்த ஊருடா? மேலத்தெரு ஆளுகளா? அது நமக்குப் பங்காளி வீடாச்சே. உன் பூட்டன் அங்க பொறந்தவருடா. ஆத்தா இடுப்புல உக்காந்து இங்க வந்தவரு."

டவுனில் இருக்கிறவங்களுக்காகச் சொல்றேன். பங்காளி வீட்டில் பொண்ணு எடுக்கவும் மாட்டோம், கொடுக்கவும் மாட்டோம். எத்தனை தலைமுறை தள்ளிப் போனாலும் அண்ணன் தங்கச்சி முறைதான். ஆனா எங்களுக்குக் குலசாமி இங்கேயே இருக்கு. நாலு தலைமுறையா தலைக்கட்டு வரி கட்டுறோம். அவங்க குலசாமி வேற. அதனாலதான் ரெண்டு வீட்டுக்கும் சந்தேகமே வரலை.

அத்தைக்கு எண்பது தாண்டிடுச்சு. ஆள் மாத்திச் சொல்லுதோ என்னமோன்னு என் சம்சாரத்துக்கு ஒரு நம்பிக்கை. சரி, காகிதத்தில் பார்த்துடலாம்னு இறங்கினேன்.

வெள்ளைக்காரங்களுக்குக் குடும்பப் பேர்னு ஒன்று இருக்கு. ஆத்தா மறுகல்யாணம் பண்ணி, பிள்ளை புது அப்பன் பேரை வச்சுக்கிட்டா அது அவன் பேரன் வரைக்கும் ஓடும். அமெரிக்க ஜனாதிபதியா இருந்த ஜெரால்டு ஃபோர்டு பிறந்தப்ப அவர் பேரு லெஸ்லி கிங். பில் கிளிண்டன் பிறந்தப்ப பிளைத். ரெண்டு பேருமே ஆத்தாவைக் கட்டின ரெண்டாவது ஆள் பேரோட ஜனாதிபதி ஆனவங்க. நமக்கு இருக்கிறது ஒரு எழுத்து இனிஷியல். அது ஒரு தலைமுறைக்குத்தான். பூட்டனுக்கு யார் அப்பன்னு போட்டிருந்தாலும், தாத்தாவுக்குப் பூட்டன் பேர்தான் இனிஷியல். அந்த மாற்றம் அதோட மண்ணுக்குள்ள போயிடுது. பூட்டன் காலத்தில் இனிஷியலும் கிடையாது, 'இன்னார் குமாரன் இன்னார்'தான்.

எங்க பட்டா, சிட்டா, அடங்கல் எதில் தேடினாலும் பூட்டனுக்கு அப்பன் 'க'ன்னு ஆரம்பிக்கிற ஒருத்தர்தான். முழுப் பேரை எழுதலை, சொந்தக்காரங்க சங்கடப்படுவாங்க. அந்தக் 'க' இந்த ஊர் ஆள். அத்தை சொன்ன 'மு'வுக்குத் தடமே இல்லை.

அப்புறம் தாத்தாவோட தகரப் பெட்டியைக் கொட்டினேன். செல்லரிச்ச ஒரு பத்திரம். 'க' எழுதிக் கொடுத்த தான செட்டில்மென்ட். கீழப் பரவில் ஒன்றேகால் ஏக்கர் நஞ்சை, பூட்டன் பேருக்கு. சின்ன வயசில் இதைப் பார்த்துட்டு, பூட்டன் மேல அப்பனுக்கு அவ்வளவு பிரியம்போலன்னு நினைச்சிருக்கேன். இப்பத்தான் உறைச்சது. 'க'வுக்கு இன்னும் ரெண்டு மகன்கள் உண்டு. அவங்களுக்குப் பத்திரம் எழுதலை. இவருக்கு மட்டும் ஏன்?

கம்பத்தில் ஒரு பழைய பத்திர எழுத்தர் இருக்கார். அவர்கிட்ட கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படிச்சிட்டு, "ஏம்ப்பா, நூறு வருஷமா இதை யாரும் வாசிக்கலையா?"ன்னார். 'என் குமாரன்'னு எழுதலை, 'என் பாரியாள் குமாரன்'னு எழுதியிருக்கு. பாரியாள்னா பொண்டாட்டி. பெத்த பிள்ளைக்குப் பத்திரம் வேண்டாம், தானா வந்து சேரும். கூட்டிட்டு வந்த பிள்ளைக்கு எழுதி வைக்கலைன்னா ஒரு சென்ட் கிடையாது. அன்றைக்கும் சட்டம் அதுதான், 1956 வாரிசுரிமைச் சட்டத்திலும் அதுதான். அந்த மனுஷன் அதைத் தெரிஞ்சு, கச்சேரிக்குப் போய், முத்திரைத்தாள் வாங்கி எழுதியிருக்கார்.

எழுத்தர் இன்னொன்றும் சொன்னார். 1856 விதவை மறுமணச் சட்டப்படி, அந்தக் காலத்தில் புருஷன் செத்து மறுதாலி கட்டினவளுக்கு முதல் புருஷன் சொத்தில் இருந்த பாத்தியதை போயிடும். ஆனா பிள்ளையோட பங்கு பிள்ளைக்குத்தான். "அப்பன் ஊர்ல காணி இருந்திருந்தா, வயசுக்கு வந்ததும் உன் பூட்டன் அங்க ஒரு கையெழுத்தாவது போட்டிருப்பார். ஆளைத் தேடாத, நிலத்தைத் தேடு."

ஆன்லைனில் வில்லங்கம் போட்டா இந்தப் பழைய காலமெல்லாம் வராது. அட்டவணைப் புத்தகத்தைக் கையால்தான் புரட்டணும். ஒன்று ஆள் பேர் அட்டவணை, ரெண்டாவது சொத்து அட்டவணை. முதல் தடவை உசிலம்பட்டிப் பக்கம் போனப்ப ஆள் பேரில், 'க' மகன்னு தேடச்சொல்லி மனு போட்டு, வெறுங்கையோட திரும்பினேன். ரெண்டாவது தடவை அந்த ஊர்ப் பேரைச் சொல்லி சொத்து அட்டவணையில் தேடச் சொன்னேன். மூணாம் நாள் கிடைச்சது.

1895 அக்டோபரில் பெரியாறு அணைத் தண்ணி வந்துச்சுல்ல, அதுக்கு அடுத்த ரெண்டு மூணு வருஷத்தில் எழுதின கிரயம். 'மு குமாரன்', எங்க ஊர்ப் பேரைப் போட்டு 'க வீட்டில் குடியிருக்கும்'னு எழுதி, பிறகு பூட்டன் பேர். அப்பன் வழி மானாவாரிப் பங்கை 'என் சிறிய தகப்பனாருக்கு' விற்றிருக்கார். கீழே கைநாட்டு. நகலில் மை அப்பியிருக்கு, ரேகை தெரியலை. அதையே ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டு இருந்தேன்.

அந்தச் சிறிய தகப்பன் வழி வந்த பையனைத்தான் நாங்க மாப்பிள்ளை பார்த்திருக்கோம்.

அத்தை சொல்ற கணக்குப்படி 'மு' செத்தது தாது வருஷப் பஞ்சத்தில். 1876-ல ஆரம்பிச்சு 78 வரைக்கும் சனத்தைச் சுருட்டின பஞ்சம். அந்தப் பக்கம் வானம் பார்த்த பூமி. அணை வராத காலத்திலேயே இந்தப் பள்ளத்தாக்கில் சுருளியாத்துத் தண்ணி கொஞ்சமாவது ஓடும். கைப்பிள்ளையோட ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டி வந்திருக்கா. எங்க சனத்தில் அறுத்துக் கட்டுறது உண்டு, அதனால் 'க' வீட்டில் அடுப்புப் பத்த வச்சிருக்கா. அவ பேரு ரெண்டு பத்திரத்திலும் இல்லை. அத்தைக்கும் தெரியலை. அப்பன் பேரு ரெண்டு கிடைச்சவருக்கு ஆத்தா பேரு ஒன்றுகூடக் கிடைக்கலை.

2022 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு. ஆந்திரக் குடும்பம். புருஷன் செத்து அம்மா மறுமணம் பண்ணிட்டதால, பிள்ளைக்கு எங்களைக் காப்பாளரா நியமிக்கணும்னு முதல் புருஷன் வீட்டார் கேஸ்; பிள்ளைக்குப் பழைய குடும்பப் பேரையே வைக்கணும்னு உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. எந்தப் பேர் வைக்கணும்னு அம்மாதான் முடிவு பண்ணணும், காகிதத்தில் 'மாற்றாந்தகப்பன்'னு எழுதச் சொல்றது கொடுமைன்னு சொல்லிட்டாங்க. இதைப் படிச்சப்ப எனக்கு 'பாரியாள் குமாரன்'தான் ஞாபகம் வந்தது. எங்க விஷயத்தில் அந்தச் சொல்தான் ஒன்றேகால் ஏக்கரைக் காப்பாத்தியிருக்கு. இன்றைக்கும் ஜூன் மாசம் அணை திறந்தா அதில்தான் நாத்துப் பாவுறோம்.

நகலை எடுத்துக்கிட்டு நானே பையன் வீட்டுக்குப் போனேன். போனில் சொல்ற விஷயமில்லை. பையனோட அப்பா ரெண்டு தடவை படிச்சார். முகம் சுருங்கிப்போச்சு. அவர் சம்சாரம் காப்பியை வச்சுட்டு உள்ளே போனது வெளியே வரலை. அப்புறம் அவரே அந்த மானாவாரிக் காட்டுக்குக் கூட்டிட்டுப் போனார். துவரை போட்டிருந்தார். "இதுல உங்க பூட்டன் பங்கு எதுவரைக்கும்னு தெரியலையேண்ணே"ன்னார். முந்தின வாரம் வரைக்கும் என்னைச் சம்பந்தின்னு கூப்பிட்ட ஆள்.

இந்த மாசி சிவராத்திரிக்கு இங்கே வரி கட்டிட்டு, மறுநாள் அங்கேயும் போனேன். ரசீது எழுதுற பையன் "யார் வகையறான்னு போட?"ன்னு கேட்டான். 'மு' பேரைச் சொன்னேன். நூற்றைம்பது வருஷத்துக்கு அப்புறம் அந்தப் பேரில் ஒரு புதுத் தலைக்கட்டு.

வீட்டுக்கு வந்ததும் மக ரசீதை வாங்கிப் பார்த்தா. "அப்ப அவன் எனக்கு அண்ணனாப்பா?"

"ரெண்டு வயசு மூத்தவன். அண்ணன்தான்."

"நம்பரை டெலீட் பண்ணிட்டேனே"ன்னு சிரிச்சுக்கிட்டே போயிட்டா.