மூச்ச புடிச்சிக்கிட்டே இருங்கம்மா

மருத்துவத் துறையினர் இலங்கையை விட்டுப் போகிறார்கள் என்ற செய்தி 2022க்குப் பிறகு நம் பத்திரிகைகளில் அடிக்கடி வந்தது. வைத்தியர்களையும் தாதியரையும் பற்றிப் பத்தி பத்தியாக எழுதினார்கள். எக்ஸ்ரே எடுப்பவர்களுக்குக் கிடைத்தது ஓரிரு வரிதான். கொட்டகலையில் ஆசிரியராக இருக்கும் நண்பர் ஒருவர் அந்த வரியைக் காட்டி, "நம்ம தோட்டத்துப் பிள்ளை ஒன்னு இந்த வேலையில இருக்கு, வந்து பாருங்க" என்று அழைத்துப் போனார். நுவரெலியா மாவட்டத்தில் ஓர் அரச ஆஸ்பத்திரி. தன் பெயர் வேண்டாம் என்று அந்த ரேடியோகிராபர் கேட்டுக்கொண்டார். நோயாளிகளுக்கு அவர் 'மிஸ்'.

விடாத இருமலோடு ஓர் அம்மா வந்தார். கையில் கிளினிக் கொப்பி, காலில் மலைச்சேறு. சங்கிலியைக் கழற்றச் சொன்னதும் தயங்கினார். கழுத்தில் மஞ்சள் கயிறு, அதில் நாலைந்து ஊசிகள். அவை படத்தில் நெஞ்சுக்கு நடுவே வெள்ளையாய் விழும். "கழட்ட வேணாம்மா, தூக்கி வாயில கவ்விக்குங்க" என்றார் மிஸ். பிறகு நாடியை உயர்த்தி, கைகளை இடுப்பில் வைத்து, தோள்களை முன்னே தள்ளி நிற்க வைத்தார். தோள்பட்டை எலும்பு விலகினால்தான் நுரையீரல் முழுதாகத் தெரியும். ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் போய், "மூச்ச நல்லா இழுங்க… புடிச்சிக்கிட்டே இருங்கம்மா" என்றார். ஒரு நொடி. "விட்டுருங்க."

அடுத்து முதுகுவலியோடு வந்தவர் இளவயதுப் பெண். மிஸ் அவர் காதருகே குனிந்து, "நாள் தள்ளிப் போயிருக்காக்கா?" என்று கேட்டார். இந்தக் கேள்வியைக் கேட்காமல் அடிவயிற்றுப் பக்கம் கதிரைத் திருப்பக் கூடாது. கேட்பவர் ஆணாகவும் மொழி சிங்களமாகவும் இருந்தால் எத்தனை பேர் வெட்கத்தில் சும்மா தலையாட்டியிருப்பார்கள்! தமிழ் 1987இலேயே அரசகரும மொழியாகிவிட்டது. ஆனாலும் "ஹுஸ்ம அல்லாகென இன்ன" என்ற குரல் புரியாமல் மூச்சை விட்டுவிட்டால் படம் கலங்கும், மறுபடி எடுக்க வேண்டும். நெஞ்சுப் படத்தில் உடம்பில் சேர்வது சுமார் 0.02 மில்லிசீவர்ட்தான். கூடை சுமந்து தேய்ந்த இடுப்பைப் படம் எடுத்தால் அது பல பத்து மடங்கு. அதை ஏன் ஒருத்தி இரண்டு தடவை வாங்க வேண்டும்?

என் கண் மிஸ்ஸின் சட்டையில் குத்தியிருந்த சின்னப் பிளாஸ்டிக் பேட்ஜிலேயே நின்றது. உள்ளே இருக்கும் வில்லை, பட்ட கதிரைத் தனக்குள் தேக்கி வைத்துக்கொள்கிறது. கொழும்பில் அதைச் சூடாக்கினால் ஒளியாக வெளியே விடும். அந்த ஒளியை அளந்து கணக்குச் சொல்வார்கள். பணியாளருக்கு வரம்பு, ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். காலையில் முதல் வேலை இதைக் குத்துவது, மாலையில் கதிர் படாத இடத்தில் தொங்கவிடுவது. "வீட்டுக்குக் கொண்டு போகக் கூடாது, மறந்தும் இந்த அறையில விட்டுறக் கூடாது" என்றார். மலையில் மருந்தடிக்கும் ஆட்கள் உடம்பில் எவ்வளவு நஞ்சு சேர்ந்தது என்று எந்தத் தோட்டத்தில் இப்படிக் கணக்கு வைத்தார்கள்?

எக்ஸ்ரே அறையில் சட்டம் இறுக்கமானது. 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டப்படி இயந்திரத்துக்கு ஒழுங்குபடுத்தல் பேரவையின் உரிமம் வேண்டும். ஆளுக்கு இலங்கை மருத்துவ சபையின் பதிவு வேண்டும். அந்தப் பதிவுக்கு மிஸ் வந்த வழி நீளமானது. தாத்தா 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர். அரச உத்தியோகத்துக்கு விண்ணப்பிக்கவே அவருக்கு வாய்ப்பில்லை. அம்மா கொழுந்து பறிப்பவர். உயர்தரத்தில் உயிரியல் படிக்க, மிஸ் தோட்டத்து வரிசைவீடான லயத்திலிருந்து விடியுமுன் பஸ் பிடித்து நகரத்துப் பாடசாலைக்குப் போயிருக்கிறார். பிறகு பேராதனையில் இணை சுகாதார விஞ்ஞான பீடம், நான்கு வருடம், எல்லாம் ஆங்கிலத்தில். "அனாட்டமிய தமிழ்ல யோசிச்சு இங்கிலீஷ்ல எழுதுனேன்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது வெளியே வாங்கில் காத்திருந்தவர்களோடு பேசியபோதுதான். அரச ஆஸ்பத்திரியில் படம் இலவசம், ஆனால் அன்றைய பேர், அதாவது நாட்கூலி, போச்சு. நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயாக 2021 வரை போராட வேண்டியிருந்த சனம் இது. கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர் போடும் நிர்வாகம், இருமலுக்காக இறங்கி வந்தவளுக்கு அரைப்பேர்கூடப் போடாது. ஆகவே இருமலை வைத்துக்கொண்டே மலையேறுகிறார்கள், சளியில் ரத்தம் கண்ட பிறகு வருகிறார்கள். தேயிலையை விற்று வாழ்ந்த கைகள் எத்தனையோ இந்த வணிகச் சங்கிலியில் உண்டு. இந்த ஒரு நாளுக்கான கூலியை அவற்றில் எந்தக் கையும் கொடுக்க முன்வரவில்லை. ஆஸ்பத்திரி கட்டக் கை நீண்டது உண்டு: டிக்கோயாவில் இந்திய உதவியில் 150 கட்டில் ஆஸ்பத்திரி எழுந்தது, 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் மோடி வந்து திறந்துவைத்தார். கட்டடம் தர நாடுகள் உண்டு. அதற்குள் நின்று "நாள் தள்ளிப் போயிருக்கா" என்று கேட்கும் ஆளை இந்த மலைதான் படிக்கவைத்து அனுப்ப வேண்டும்.

நீங்களும் நாட்டை விட்டுப் போவீர்களா என்று மிஸ்ஸிடம் கேட்டேன். மறைக்கவில்லை. கூடப் படித்தவர்களில் சிலர் போய்விட்டார்கள், தனக்கும் எண்ணம் உண்டு, லயத்துக்கு வெளியே ஒரு வீடு கட்ட வேறு வழி தெரியவில்லை என்றார். சனிக்கிழமைகளில் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் சொல்லிக்கொடுக்கிறாராம். "போறதா இருந்தாலும், ரெண்டு பேரையாவது பேராதனைக்கு ஏத்திவிட்டுட்டுத்தான் போவேன். ஒருத்தி இந்த வருஷம் எழுதுறா. ரசாயனத்துக்குத்தான் ஆள் கெடைக்கல. உங்களுக்கு யாரயாச்சும் தெரியுமா சார்?"