புது லெப்டொப் வாங்க முன் இதைக் கொஞ்சம் பாருங்கள்



"சேர், பிள்ளைட கணினி சரியான ஸ்லோ, கடன்பட்டாவது புதுசு ஒன்டு எடுக்கணுமா?" உயர்தரத்தில் ஐ.சி.டி. படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் பலர் எங்களிடம் கேட்பது இது. எல்லோருக்குமாக இங்கேயே எழுதுகிறோம்.

கணினிக்குள் ஒரே நேரத்தில் எத்தனையோ வேலைகள் ஓடுகின்றன. எதற்கு எவ்வளவு நேரம் என்று பங்கு பிரிப்பது பணிசெயல் முறைமை. அந்தப் பங்கீட்டில் நாமும் ஒரு சொல் சொல்லலாம்.

விண்டோஸில் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மெனேஜர் வரும். 'டீடெய்ல்ஸ்' பகுதியில் வேலையின் பெயரை வலது கிளிக் செய்தால் 'செட் பிரயோரிட்டி' இருக்கும். வீடியோ மாற்றுவது போன்ற பாரமான வேலையை 'பிலோ நோர்மல்' ஆக்குங்கள். அது நின்றுவிடாது. மற்ற வேலைகள் சும்மா இருக்கும் நேரத்தில் ஓடி முடியும். பிள்ளை புரோகிராம் எழுதுவதும் தடைப்படாது.

பிள்ளைகள் செய்வதோ நேர்மாறு. கேமை 'ரியல்டைம்' ஆக்கிவிடுகிறார்கள். மவுஸும் கீபோர்டும்கூட அசையாமல் நின்றுவிடலாம். அதைத் தொட வேண்டாம்.

லினக்ஸில் இதற்குப் பெயரே 'நைஸ்'. மைனஸ் 20 முதல் 19 வரை எண்கள், வழமையில் 0. எண் கூடக் கூட அந்த வேலை மற்றவைக்கு வழிவிடும். 0 உள்ள வேலையும் 5 உள்ள வேலையும் ஒரே செயலிக்குப் போட்டியிட்டால், ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று என்று நேரம் பிரியும். தன் வேலையைப் பின்னுக்குத் தள்ள யாருடைய அனுமதியும் தேவையில்லை. முன்னுக்குக் கொண்டுவரத்தான் நிர்வாகியின் அனுமதி வேண்டும். வகுப்பில் இதைப் படிப்பிக்கும்போது, தன்னைவிடப் பிறரை முற்படுத்தும் 'ஈஸார்' பற்றியும் இரண்டு வார்த்தை பேசுவோம். பிள்ளைகளுக்கு அது உடனே விளங்குகிறது.

ஆனால் இது எல்லா நோய்க்கும் மருந்தல்ல. சீபீயூ நிரம்பியிருந்தால்தான் உதவும். சீபீயூ குறைவாக இருந்து, மெமரியோ டிஸ்க்கோ 100 வீதத்தை ஒட்டி நின்றால், பிரயோரிட்டி மாற்றிப் பிரயோசனமில்லை. அப்போது ரேம் கூட்டலாம், பழைய ஹார்ட் டிஸ்க்கை எஸ்.எஸ்.டி. ஆக்கலாம். பெரும்பாலும் புது லெப்டொப்பின் விலையில் சிறு பங்குதான் செலவாகும்.

சந்தேகம் இருந்தால் பிள்ளையிடம் கணினியைக் கொடுத்து அனுப்புங்கள். பாடசாலை விட்ட பிறகு பார்த்துச் சொல்கிறோம், இன்ஷா அல்லாஹ்.