இரண்டாவது பிரதி எங்கே இருக்கிறது?



போன தவணையில் ஒரு நாள் எங்கள் பாடசாலை அலுவலகக் கணினியின் ஹார்ட் டிஸ்க் நின்றுவிட்டது. ஆறு வருடத் தவணைப் புள்ளிகள், விடுகைப் பத்திரப் பிரதிகள், விளையாட்டுப் போட்டிப் படங்கள் எல்லாம் அதற்குள்தான். பாதியைத்தான் மீட்க முடிந்தது. நற்சான்றிதழ் கேட்டு வந்த பழைய மாணவர் ஒருவரை மூன்று நாள் அலைய விட்டோம். தவறு முழுக்க எங்களுடையது.

அதிபர் எங்கள் ஐந்து பேரைக் குழுவாகப் போட்டார். பழைய மாணவர் சங்கம் பணம் தருவதாகச் சொன்னது. எதை வாங்குவது?

வெளி ஹார்ட் டிஸ்க் மலிவு. ஆனால் அது யாருடைய பையில் இருக்கிறதோ அவரிடம்தான் பாடசாலையின் நினைவும் இருக்கும்.

'நாஸ்' என்பது ரவுட்டரோடு இணைக்கும் சிறிய பெட்டி. இணையம் இல்லாவிட்டாலும் பாடசாலைக்குள் எல்லோரும் பாவிக்கலாம். ஒவ்வொரு ஆசிரியருக்கும் தனிக் கடவுச்சொல். 4 டெராபைட் டிஸ்க் இரண்டு போட்டு 'ரெய்ட் 1' முறையில் வைத்தால் கிடைக்கும் இடம் 4 டெராபைட்தான். ஆனால் ஒன்று பழுதானாலும் மற்றது வேலை செய்யும்.

மூன்றாவது கிளவுட். கூகுள் பாடசாலைகளுக்கு இலவசமாகவே தருகிறது. ஆனால் இணையம் நின்றால் வேலையும் நிற்கும்.

ஐ.சி.டி. ஸேர் நாஸ்தான் என்றார். நாங்களும் தலையாட்டினோம். அப்போது மௌலவி கேட்டார்: "ஸேர், 2004 இல கடல் வந்து அலுமாரியில இருந்த இடாப்பெல்லாம் ஒரே நாள்ல போச்சு. இந்தப் பெட்டியில ரெண்டு டிஸ்க் இருந்தாலும், கடல் ரெண்டையும் சேர்த்துத்தானே கொண்டு போகும்?"

யாரும் பேசவில்லை. ரெய்ட் டிஸ்க் பழுதிலிருந்துதான் காக்கும். வெள்ளம், களவு, வைரஸ், நாமே தவறுதலாக அழிப்பது, இவற்றிலிருந்து காக்காது.

அப்படியென்றால் கிளவுட் மட்டும் போதுமா என்றார் ஒரு டீச்சர். 2023 இல் ரன்சம்வெயார் தாக்குதலில் நமது அரச மின்னஞ்சல்களில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவுகள் போனதே! இணைப்பில் இருந்த பிரதிகளும் சேர்ந்தே பூட்டப்பட்டுவிட்டன.

கடைசியில் இப்படி முடிவெடுத்தோம். அன்றாட வேலைக்கு நாஸ், அதற்கொரு யூ.பி.எஸ். இரவில் புள்ளிகளும் சான்றிதழ்களும் மட்டும் கிளவுட்டுக்குப் போகும். மாதம் ஒருமுறை கடவுச்சொல் பூட்டிய ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்து, கழற்றி, கடலுக்குத் தள்ளி உள்ள இன்னொரு பாடசாலையின் அலுமாரியில் வைப்போம்.

ஒரு மாதம் கழித்து, கிளவுட்டிலிருந்து ஒரு கோப்பை மீட்டுப் பார்த்தோம். தரம் 11 புள்ளிகள் வரவில்லை! அந்தக் கோப்புறையைத் தெரிவு செய்யவே மறந்திருந்தோம். அல்ஹம்துலில்லாஹ், பரீட்சித்துப் பார்த்ததால் தெரிந்தது. இப்போது தவணைக்கு ஒருமுறை மீட்டுப் பார்க்கிறோம்.

பிள்ளைகளின் பெயரும் புள்ளியும் நம்மிடம் உள்ள அமானிதம். எந்தப் பெட்டி, என்ன விலை என்று கேட்பதற்கு முன், இரண்டாவது பிரதி எங்கே இருக்கிறது, அதைக் கடைசியாக எப்போது திறந்து பார்த்தோம் என்று கேளுங்கள்.

உங்கள் பாடசாலையில் எப்படி?