கைவண்டிக்காரரின் முகம்

பழைய நகரமொன்றைக் காண விரும்புவோர் வாகனத்தை விட்டு இறங்கிவிட வேண்டும். சென்னையின் ஜார்ஜ் டவுனில் அதற்கு வேறு வழியுமில்லை. பாரிமுனைக்கு வடக்கேயுள்ள தெருக்களில் மனிதரும் மிதிவண்டியும் மூட்டையும் ஒரே நேரத்தில் வழி கேட்கின்றன. நிழற்படக் கருவியோடு ஒருவன் நின்று குறிபார்ப்பதற்குள் நான்கு பேர் அவனை ஓரங்கட்டிவிடுவர்.

இந்நகருக்கு முன் இங்கே இன்னொரு நகரம் இருந்தது. கோட்டைக்கு வடக்கே, இன்று உயர் நீதிமன்றம் நிற்கும் பகுதியில் மக்கள் நெருங்கி வாழ்ந்தனர். 1746இல் பிரெஞ்சுக்காரர் கோட்டையைப் பிடித்தனர். 1749இல் அது ஆங்கிலேயரிடம் திரும்பியது. பகைவர் மறைந்து நெருங்கலாகாதென்று அவ்வீடுகள் அகற்றப்பட்டு, அங்கே வெட்டவெளி உண்டாக்கப்பட்டது. அதன் எல்லையைக் காட்ட 1773இல் நாட்டிய தூண்களுள் ஒன்று டேர் ஹவுஸ் வளாகத்தில் இன்றும் நிற்கிறது. வீடிழந்தோரின் முகங்களோ நமக்குக் கிடைக்கவில்லை. அந்நாளில் நிழற்படக் கலையே தோன்றவில்லை.

ஆர்மேனியன் தெருவில் நெடுநேரம் நின்றேன். தூய மரியன்னை இணைப் பேராலயத்தின் வாயிலில் 1642 என்ற ஆண்டு. அதே தெருவில் கச்சாலீசுவரர் கோயில். 1772ஆம் ஆண்டின் ஆர்மேனிய ஆலயம். அவ்வாலய முற்றத்தில் ஹருத்யூன் ஷ்மவோனியன் என்ற குரு அடக்கமாகியிருக்கிறார். 1794இல் இச்சென்னையில் 'அஸ்தரார்' என்ற முதல் ஆர்மேனிய இதழை வெளியிட்டவர் அவரே. இதழ் நடத்தி இளைக்கும் நம் குருக்களுக்கெல்லாம் அவர் மூத்தவர்! கல்லறைக் கற்களைப் படமெடுக்க எவரிடமும் அனுமதி கேட்கத் தோன்றவில்லை, கற்கள் மறுப்பதில்லை.

உயிருள்ள முகம் அவ்வாறன்று. காகிதக் கடைகள் நிறைந்த ஆண்டர்சன் தெருவில், கைவண்டி நிறையக் காகிதக் கட்டுகளோடு பெரியவர் ஒருவர் மூச்சு வாங்க நின்றார். பிற்பகல் வெயில் அவர் தோளில் சாய்ந்திருந்தது. எந்தப் போட்டியிலும் பரிசு பெறத்தக்க காட்சி.

"ஐயா, ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா?" என்றேன்.

துண்டால் முகத்தைத் துடைத்தவர், துண்டை எடுக்காமலே பேசினார்: "வேணாம் சார். ஊர்ல பேரப்பசங்க இருக்காங்க. கடையில கணக்கு எழுதுறேன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

கருவியைத் தாழ்த்தினேன். என் முகத்தில் எதைக் கண்டாரோ, "வண்டிய எடுத்துக்குங்க" என்று தாமே விலகி நின்றார்.

அந்தப் படம் என்னிடம் இருக்கிறது. காகிதக் கட்டுகள், இரண்டு சக்கரங்கள், கைபட்டுக் கைபட்டுக் கறுத்துப்போன பிடிமரம்.