நீர் சேர்ந்தால் விழிக்கும் தேன்

பூவிலிருந்து தேனீ உறிஞ்சி வரும் இனிப்பு நீரில் பெரும்பகுதி தண்ணீரே. அப்படியே விட்டால் விரைவில் நுரைத்துப் புளித்துவிடக்கூடிய அந்த நீரைக் கெடாத உணவாக்கி, பூக்கள் அருகிப்போகும் மாதங்களில் ஆயிரக்கணக்கான உயிர்களைக் காப்பாற்ற வேண்டிய நிலையில் ஒவ்வொரு தேன்கூடும் இருக்கிறது. தேனுக்கு உள்ள நுண்ணுயிர் எதிர்ப்பு ஆற்றலை மனித நோய்களுக்கான மருந்தாக மட்டுமே கருதுவோர், அது முதலில் தேனீயின் உணவுக்கான காவல் என்பதைக் கவனிக்கத் தவறுகிறார்கள். தேன் எப்போது வலிமை பெறுகிறது, எப்போது இழக்கிறது என்ற கேள்விகளுக்கு விடை அந்தக் காவலின் அமைப்பில்தான் இருக்கிறது.

தேனீக்கள் அந்நீரை வாய்க்கு வாய் மாற்றியும் சிறகுகளால் விசிறியும் வற்றச் செய்ய, முதிர்ந்த தேனில் சுமார் 80 விழுக்காடு சர்க்கரையும் 18 முதல் 20 விழுக்காடு நீரும் எஞ்சுகின்றன. இந்த அடர்த்தியில் விழும் பாக்டீரியாவின் உடலிலிருந்து, சவ்வூடு பரவல் எனப்படும் இயக்கத்தால், நீர் வெளியே இழுக்கப்பட்டுவிடுகிறது. ஊறுகாயில் உப்பு செய்யும் வேலையைத் தேனில் சர்க்கரை செய்கிறது. இதனோடு, கார அமில அளவுகோலில் 4ஐ ஒட்டி நிற்கும் புளிப்புத் தன்மையும் சேர்ந்துகொள்கிறது.

காவல் இவ்வளவுதான் என்றால் கெட்டியான சர்க்கரைப் பாகும் தேனும் ஒன்றாகிவிடும். ஆனால் வேலைக்காரத் தேனீயின் தலையிலுள்ள சுரப்பிகள் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்னும் நொதியை, அதாவது வேதிமாற்றத்தை விரைவுபடுத்தும் புரதத்தை, இனிப்பு நீரோடு கலக்கின்றன. அந்நொதி குளுக்கோஸைச் சிதைத்துக் குளுக்கோனிக் அமிலத்தையும், கிருமிகளைக் கொல்லும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் உண்டாக்குகிறது. வியப்புக்குரியது என்னவென்றால், முதிர்ந்த கெட்டித் தேனில் இந்நொதி ஏறக்குறைய உறங்கிக் கிடக்கிறது. நீர் சேர்ந்து தேன் இளகும்போதே அது விழித்துச் செயல்படுகிறது. சர்க்கரையின் அடர்த்தி காக்கும் வரை நொதிக்கு வேலையில்லை. தேன் இன்னும் முதிராத நிலையிலும், புழுக்களுக்கு ஊட்டுவதற்காக இளக்கப்படும் நிலையிலும் அடர்த்தியின் காவல் தளர்கிறபோது, அந்த இடத்தை நொதி ஏற்கிறது. 1937இல் ஜெர்மானிய ஆய்வாளர் டோல்டும் அவருடைய குழுவினரும் தேனிலுள்ள இந்தத் தடுப்பாற்றலுக்கு ‘இன்ஹிபின்’ என்று பெயரிட்டார்கள். அது ஹைட்ரஜன் பெராக்சைடே என்பதை 1963இல் அமெரிக்காவின் ஒயிட்டும் அவருடன் பணியாற்றியோரும் நிறுவினார்கள்.

புண்ணின் மீது தடவிய தேன் பயன்படுவதற்கும் இதுவே அடிப்படை. புண்ணிலிருந்து கசியும் நீர் தேனை இளக்க, பெராக்சைடு சிறிது சிறிதாக, தொடர்ந்து பிறக்கிறது. மருந்துக்கடையில் கிடைக்கும் 3 விழுக்காட்டுக் கரைசலோடு ஒப்பிட்டால் அதன் செறிவு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கே என்பதால், திசுக்களுக்கு அது இழைக்கும் தீங்கும் குறைவு. பண்டை எகிப்தின் எட்வின் ஸ்மித் பாப்பிரஸ் ஏடு காயங்களுக்குத் தேனையும் கொழுப்பையும் சேர்த்துக் கட்டச் சொல்கிறது. 1991இல் சோலாப்பூர் மருத்துவர் சுப்ரமண்யம், தீக்காயமுற்ற 104 பேரை இரு குழுக்களாக்கி, ஒரு குழுவுக்குத் தேனும் மற்றொன்றுக்குச் சில்வர் சல்ஃபாடயசின் களிம்பும் இட்டு ஒப்பிட்டு, தேனிட்ட காயங்கள் விரைவில் கிருமி நீங்கி ஆறியதை வெளியிட்டார். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2015ஆம் ஆண்டுத் திறனாய்வு, ஆழமற்ற தீக்காயங்கள் வழக்கமான கட்டுகளைவிடத் தேனால் நான்கைந்து நாள் முன்னதாக ஆறுகின்றன என்று ஏற்றுக்கொண்டு, வேறு பலவகைப் புண்களுக்கு அத்தகைய உறுதியான சான்று இல்லை என்றும் கூறியது. இவ்விரண்டு கூற்றுகளையும் சேர்த்தே ஏற்பதுதான் நேர்மை.

பெராக்சைடுக்கும் வரம்பு உண்டு. குருதியிலும் திசுக்களிலும் உள்ள கேட்டலேஸ் என்னும் நொதி அதைச் சிதைத்துவிடுகிறது. நியூசிலாந்தின் மனூக்காப் புதர்ச்செடியின் தேன் இந்த வரம்பைக் கடந்தது. பெராக்சைடை நீக்கிய பின்னும் அதன் ஆற்றல் குன்றாததை வைகாட்டோ பல்கலைக்கழகத்தின் பீட்டர் மோலன் தொடர்ந்து ஆராய்ந்தார். அதற்குக் காரணம் மெத்தில்கிளையாக்சல் என்னும் சேர்மம் என்பது 2008இல் வெளியான ஆய்வுகளில் தெளிவாயிற்று. ஆகவே எல்லாத் தேனும் ஒரே தேனன்று. பூவுக்குப் பூ, கூட்டுக்குக் கூடு அதன் ஆற்றல் மாறுகிறது.

கையாளும் முறையாலும் அது மாறுகிறது என்பது தமிழ்நாட்டில் கூடுதல் அக்கறைக்குரியது. இந்தியத் தேனீயின் தேனில் ஈரப்பதம் சற்று மிகுந்திருப்பதால், புளிக்காமலிருக்க அதைச் சூடாக்கிப் பதப்படுத்துகிறார்கள். தேவை உண்மையானதே, ஆனால் வெப்பம் மிகுந்தால் ஈரத்தோடு நொதியும் அழிகிறது. அறைகள் முழுதும் மூடிய அடைகளை மட்டும் எடுத்துப் பிழிவதும், ஒளி படாமல் வைப்பதும் தேனீயின் உழைப்புக்குச் செய்யும் குறைந்தபட்ச மரியாதை.

கூட்டின் பிற பொருள்களுக்கும் இத்தகைய ஆற்றல் உண்டு. இத்தாலியத் தேனீ மரப்பிசின்களைக் கொணர்ந்து கூட்டின் இடுக்குகளில் பூசும் புரோபோலிஸில் கிருமியைத் தடுக்கும் பிளேவனாய்டுகள் என்னும் தாவரச் சேர்மங்கள் உள்ளன. இந்தியத் தேனீ அதைச் சேர்ப்பதில்லை, கொசுத்தேனீயோ பிசினையும் மெழுகையும் குழைத்தே கூடு கட்டுகிறது. இராணிப் புழுவுக்கு ஊட்டும் அரசக் கூழிலும் கிருமியைத் தடுக்கும் புரதங்கள் இருக்கின்றன.

இத்தனை காவலையும் மீறித் தேனில் உயிரோடு கிடக்கக்கூடியவை கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்னும் பாக்டீரியாவின் வித்துகள். தேனுக்குள் அவை வளர்வதில்லை, ஆனால் சாவதுமில்லை. அதனால்தான் மருத்துவமனைக்குரிய தேன், நொதி கெடாதவாறு, வெப்பத்தாலன்றிக் காமாக் கதிரால் தூய்மையாக்கப்படுகிறது. பெரியவர்களின் குடலில் பொதுவாக அடங்கிவிடும் அவ்வித்துகள், பச்சிளங்குழந்தையின் முதிராத குடலில் முளைத்து, நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சைச் சுரக்கக்கூடும். பிறந்த குழந்தையின் நாவில் சேனை என்று தேன் தொட்டு வைக்கும் வழக்கம் அன்பினால் பிறந்ததே. ஆயினும் அது கைவிடப்பட வேண்டியது. ஓராண்டு நிறைந்த பிறகு தடையில்லை. அந்த வயதைக் கடந்த குழந்தையின் திடீர் இருமலுக்குத் தேனைக் கொடுத்துப் பார்க்கலாம் என்று பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸும் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் கூறியுள்ளது.